ஆடு மீட்கப் போனவருக்கு ஒரு கல்

ஓமந்தூர் என்றால் தமிழ்நாட்டில் முக்கால்வாசிப் பேருக்குச் சென்னை அண்ணா சாலையில் இருக்கும் அரசினர் தோட்டம்தான் நினைவுக்கு வரும். ஊர் இருப்பது திண்டிவனம் பக்கம், புதுச்சேரி போகிற வழியில். அந்த ஊரில் 1895-ல் பிறந்த விவசாயி ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். ராஜாஜி 1937-ல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்கு, மாகாணம் முழுவதற்கும் வந்தது ஓமந்தூரார் ஆட்சியில்தான். நாள் 1948 அக்டோபர் 2. அப்போது அவருடைய சொந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்த புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு மதுவிலக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்தப் பக்கம் தடை, அந்தப் பக்கம் தாராளம். நடுவில் ஒரு சாலை.

1954-ல் அந்தக் கொடி இறங்கியது. மதுவிலக்கும் பின்னாளில் வந்தது, போனது. இன்று சாலையின் இரண்டு முனையிலும் கடை இருக்கிறது. மிச்சமிருப்பது விலை வித்தியாசம் ஒன்றுதான். அந்த வித்தியாசத்தை நம்பி ராத்திரியில் கிளம்பி வரும் வண்டிகளை ஓரங்கட்டிச் சோதனை போடுவது விழுப்புரம் மாவட்டக் காவலருக்கு இன்றும் தீராத வேலை.

செக்போஸ்ட் டூட்டியில் நிற்பவர் கையில் பெரும்பாலும் ஒரு டார்ச் லைட்டும் ஒரு மைக்கும்தான் இருக்கும். முன்னால் ஓர் இரும்புத் தடுப்பு. எதிரே வரும் கார் நிற்கப்போகிறதா, தடுப்பை இடித்துத் தள்ளிவிட்டுப் போகப்போகிறதா என்பது அது பக்கத்தில் வரும்வரை தெரியாது. உள்ளே இருப்பது நாலு பாட்டிலா, நாற்பது பெட்டியா, குழந்தை குட்டியோடு கோயிலுக்குப் போய்த் திரும்பும் குடும்பமா என்பதும் தெரியாது. கையைக் காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

2020 ஜனவரி 8 இரவு, தமிழ்நாட்டின் இன்னொரு எல்லையில், களியக்காவிளை செக்போஸ்ட்டில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் அப்படித்தான் பணியில் இருந்தார். அவரைச் சுட்டுக் கொன்றவர்களுக்கு அவர்மீது தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. அவர் போட்டிருந்த சீருடை மேல்தான் பகை. வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனது. குடும்பத்துக்கு அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஒரு கோடி ரூபாய் அறிவித்தார்.

வில்சனைப் போன்றவர்களுக்கான நாள் அக்டோபர் 21. விழுப்புரம் உட்பட ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் அன்று காலையில் நினைவுத்தூண் முன்பு அணிவகுப்பு நடக்கும். முந்தைய செப்டம்பர் முதல் ஆகஸ்ட் வரை நாடு முழுவதும் பணியில் இறந்த காவலர்களை நினைவுகூர்வார்கள். அதிகாரிகள் மலர்வளையம் வைப்பார்கள். வானத்தை நோக்கி மூன்று சுற்றுத் துப்பாக்கி முழங்கும். மறுநாள் நாளிதழில் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு படம் வரும். அத்தோடு அடுத்த அக்டோபர்தான்.

இந்தத் தேதி ஏன் என்று கேட்டால் லடாக்குக்குப் போக வேண்டும். 1959 அக்டோபர் 20 அன்று, பதினைந்தாயிரம் அடி உயரத்துக்கும் மேலே இருக்கும் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்திலிருந்து மூன்று குழுக்கள் எல்லையைப் பார்வையிடக் கிளம்பின. இரண்டு குழுக்கள் திரும்பிவிட்டன. மூன்றாவது குழுவில் போன இரண்டு காவலர்களும் ஒரு சுமைதூக்கியும் வரவில்லை. மறுநாள் காலை கரம் சிங் என்ற அதிகாரி தலைமையில் அவர்களைத் தேடிப் போனார்கள். குன்றின் மேல் நிலையெடுத்திருந்த சீன ராணுவம் சுட்டது. பத்துக் காவலர்கள் இறந்தார்கள். கரம் சிங் உட்பட உயிர் பிழைத்த சிலர் சிறைபிடிக்கப்பட்டார்கள். இறந்தவர்களின் உடல்கள் திரும்ப வந்தது நவம்பர் 13-ல், மூன்று வாரம் கழித்து. அதுவரை எல்லையின் அந்தப் பகுதியைக் காத்தது ராணுவம் அல்ல, போலீஸ்தான். காணாமல் போன சக காவலரைத் தேடிப் போய்ச் செத்தவர்கள் அவர்கள். நாட்டின் எல்லாக் காவலர்களுக்கும் பொதுவான ஒரு நாளாக அதை வைத்தது பொருத்தம்தான்.

டெல்லி சாணக்கியபுரியில் தேசியக் காவலர் நினைவகம் வர 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பு அதே இடத்தில் எழும்பிக்கொண்டிருந்த இரும்புக் கோபுரம் ஒன்று, நீதிமன்ற உத்தரவால் பாதியிலேயே இடிக்கப்பட்டது. இப்போது நிற்பது 238 டன் எடையும் 30 அடி உயரமும் கொண்ட ஒற்றைக் கருங்கல். சுற்றிலும் உள்ள சுவர்களில், திறப்பு விழா நடந்த ஆண்டில் 34,844 பெயர்கள் இருந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு பணியில் உயிர்விட்டவர்கள்.

இவ்வளவு பெயர்கள் ஒரே இடத்தில் இருப்பதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. சுவரில் பெயர் இருக்கும், கதை இருக்காது. யார், எந்த ஸ்டேஷன், எந்த ராத்திரி, என்ன செய்துகொண்டிருந்தபோது என்பது அங்கே தெரியாது. அது தெரிய வேண்டிய இடம் டெல்லி அல்ல, அவர் விழுந்த ஊர்.

2021 நவம்பர் 21 அதிகாலை. திருச்சி மாவட்டம் நவல்பட்டு ஸ்டேஷனின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் இரவு ரோந்தில் இருந்தார். ஆடு திருடிக்கொண்டு பைக்கில் போனவர்களைப் பார்த்தார். நிறுத்தச் சொன்னார், நிற்கவில்லை. தன் பைக்கிலேயே துரத்தினார். மாவட்ட எல்லை தாண்டியது. புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கம் பள்ளத்துப்பட்டி ரயில்வே சுரங்கப்பாதை அருகே மடக்கிப் பிடித்துவிட்டார். வேறொரு போலீஸ்காரருக்குப் போன் செய்தும் சொன்னார். உதவி வந்து சேருவதற்குள் அவரை வெட்டிப் போட்டுவிட்டார்கள். அடுத்த ஓரிரு நாளில் பிடிபட்ட மூன்று பேரில் இரண்டு பேர் சிறுவர்கள்.

ஆட்டுக்காகவா ஒரு உயிர் என்று கேட்கத் தோன்றும். நகரத்தில் இருப்பவருக்கு அது பிரியாணி. கிராமத்தில் அது மகள் பிரசவத்துக்கும் மகன் காலேஜ் பீசுக்கும் அவசரத்தில் விற்கிற சொத்து. பெரும்பாலும் பெண்கள் பேரில் இருக்கும் ஒரே சொத்து. ஆடு களவு போனதாகப் புகார் கொடுக்க வரும் அம்மாவை ஸ்டேஷனில் பாதி நேரம் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். பூமிநாதன் அந்தப் புகார் வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டவர்.

இப்படிச் செத்தவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் இந்த மண்ணுக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போய், அங்கிருந்து செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் திரும்பினால் நடுகல் நாடு. பல்லவர் காலத்து நடுகற்கள் அங்கே ஏராளம். தொல்லியல் அறிஞர் நாகசாமி தொகுத்த செங்கம் நடுகற்கள் நூலைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-ல் வெளியிட்டது. அந்தக் கற்களில் பலவற்றுக்கும் விஷயம் ஒன்றுதான். யாரோ கால்நடை மந்தையை ஓட்டிக்கொண்டு போனார்கள், ஊர்க்காரன் ஒருவன் மீட்கப் போனான், அங்கேயே விழுந்தான். இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்னாருடைய சேவகன், இன்ன பெயர், இன்ன காரியம். நாலைந்து வரிக்குள் முடிந்துவிடும். கூடவே வில்லோ வாளோ ஏந்திய உருவம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழி எழுத்துக் கற்கள் இந்த வழக்கத்தை இரண்டாயிரம் ஆண்டுக்கும் முன்னால் கொண்டுபோய்விட்டன. அவற்றிலும் ஆநிரைப் பூசல் இருக்கிறது.

எடுத்தனூர்க் கல் இன்னும் ஒரு படி மேல். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-வது ஆட்சியாண்டில் கருந்தேவக்கத்தி என்பவன் மாட்டு மந்தையைக் காக்கப் போய் இறந்தான். அவனுடைய நாய் இரண்டு கள்வர்களைக் கடித்து நின்று காத்தது. அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர். அந்தப் பெயரையும் கல்லில் வெட்டி, எஜமானன் பக்கத்தில் அதையும் செதுக்கிவைத்தார்கள். பெயரும் செயலும் அவ்வளவு துல்லியம். ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது.

வீரத்துக்குப் பெரிய வரையறை எதையும் அந்தக் கற்கள் வைத்துக்கொள்ளவில்லை. எத்தனை மாடு, மாட்டின் விலை என்ன என்று கணக்குப் பார்க்கவும் இல்லை. பூமிநாதன் செய்ததை ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி ஒருவனிடம் சொல்லியிருந்தால் அவனுக்கு விளக்கம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

லண்டனில் இதே யோசனை வேறு வழியில் வந்தது. 1984 ஏப்ரல் 17 அன்று லிபியத் தூதரகத்திலிருந்து வந்த துப்பாக்கிச் சூட்டில் யுவோன் பிளெட்சர் என்ற பெண் காவலர் இறந்தார். சினிமா இயக்குநர் மைக்கேல் வின்னர் ஓர் அறக்கட்டளை ஆரம்பித்தார். காவலர் எங்கே விழுந்தாரோ அங்கேயே நடைபாதை ஓரம் ஒரு சின்னக் கல் வைப்பது அதன் வேலை. முதல் கல்லை 1985 பிப்ரவரியில் பிரதமர் மார்கரெட் தாட்சர் திறந்துவைத்தார். பிறகு பிரிட்டனில் பல ஊர்களில் அப்படிக் கற்கள் வந்தன. அரசியல் கட்சிக் கொடிக்கம்பத்துக்கும் அடிக்கல்லுக்கும் சாலையோரம் தாராளமாக இடம் கொடுத்திருக்கும் தமிழ்நாட்டுக்கு இது பெரிய காரியம் அல்ல.

நம் பக்கத்திலும் அதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1980 ஆகஸ்ட் 6 அன்று திருப்பத்தூர் பகுதியில் நக்சலைட்டுகளைக் கைது செய்து வண்டியில் கொண்டுவந்தபோது வெடிகுண்டு வெடித்து, இன்ஸ்பெக்டர் பழனிசாமியும் மூன்று காவலர்களும் இறந்தார்கள். திருப்பத்தூரில் அவர்களுக்கு நினைவுத்தூண் உண்டு. அக்டோபர் 21 தனி. ஆகஸ்ட் 6 வந்தால் அந்தத் தூணுக்கு முன்பு வீரவணக்கம் நடக்கிறது. ஒரு ஊர் தன் சம்பவத்தைத் தன் தேதியில் நினைத்துக்கொள்கிறது.

ஆனால், திருப்பத்தூர் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பழனிசாமியின் சிறு மகள் பெயர் அஜந்தா. காவல்துறை அதிகாரி தேவாரம் தலைமையில் அதன்பிறகு நடந்த நக்சல் வேட்டைக்கு அந்தக் குழந்தையின் பெயரையே வைத்தார்கள். அந்த வேட்டையில் வட ஆர்க்காடு, தருமபுரிப் பகுதிகளில் இளைஞர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவையெல்லாம் உண்மையான மோதல்கள்தானா என்று மனித உரிமை அமைப்புகள் அப்போதே கேள்வி கேட்டன. அப்பாவை இழந்த குழந்தைக்குச் செய்யும் மரியாதை இதுதானா என்று இன்றைக்கு யோசித்தால் நெருடுகிறது.

சுட்டுக் கணக்குத் தீர்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. 2025 ஆகஸ்டில் உடுமலைப்பேட்டை பக்கம் குடிமங்கலம் சிறப்பு உதவி ஆய்வாளர் சண்முகவேல், ஒரு தோட்டத்தில் அப்பா மகன்களுக்குள் நடந்த சண்டையை விலக்கப் போனபோது வெட்டிக் கொல்லப்பட்டார். கூட ஒரு காவலரும் போயிருந்தார், அவர் தப்பினார். தேடப்பட்ட மகன்களில் ஒருவர் அடுத்த ஓரிரு நாளிலேயே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். கூண்டில் ஏறி அவர் பதில் சொல்லியிருந்தால், சண்முகவேல் அன்று ராத்திரி என்ன செய்தார், எப்படிச் சமாதானம் பேசினார் என்பதெல்லாம் சாட்சியமாக நீதிமன்றப் பதிவேட்டில் ஏறியிருக்கும். சீருடைக்கு அதைவிடப் பெரிய அஞ்சலி எது என்று தெரியவில்லை.

தூத்துக்குடி மாவட்டம் 2020-ல் அனுபவித்தது இன்னும் சிக்கலானது. ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனுமான ஜெயராஜும் பென்னிக்ஸும் போலீஸ் பிடியில் அடிபட்டு இறந்தார்கள். நாடே கொதித்தது. தமிழ்நாட்டுக் காக்கிச் சட்டைக்கு அதைப்போல ஒரு கெட்ட பெயர் சமீபத்தில் வந்ததில்லை. இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 18 அன்று, அதே மாவட்டத்தில் மணக்கரைப் பக்கம் ரவுடி துரைமுத்துவைப் பிடிக்கப் போன இளம் காவலர் சுப்பிரமணியன்மீது நாட்டு வெடிகுண்டு வீசப்பட்டது. அங்கேயே இறந்தார். துரைமுத்துவும் இறந்தார். காவலரின் இறுதிச் சடங்குக்கு டி.ஜி.பி-யே ஊருக்கு வந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதே மாவட்டம் ஏரலில் உதவி ஆய்வாளர் பாலு, குடித்துவிட்டு ரகளை செய்தவரைக் கண்டித்ததற்காக வண்டி ஏற்றிக் கொல்லப்பட்டார்.

ஜூனில் போலீஸைத் திட்டியவர்களும் ஆகஸ்டில் சுப்பிரமணியனுக்குக் கண்ணீர் விட்டவர்களும் வேறு வேறு ஆட்கள் அல்ல. மக்கள் குழம்பவில்லை, ஆளைப் பார்த்துத்தான் எடை போட்டார்கள். திண்டிவனத்துக்கும் இது தெரியும். பேராசிரியர் பிரபா கல்விமணி இங்கிருந்துதான் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை நடத்திவருகிறார். பொய் வழக்கில் இழுத்துப்போகப்பட்ட இருளர்களுக்காகப் பல ஆண்டுகள் அவர் ஏறி இறங்கியது இதே மாவட்டத்துக் காவல் நிலையங்களில்தான். 2011-ல் திருக்கோவிலூர்ப் பக்கம் இருளர் பெண்கள் நான்கு பேர் காவலர்கள்மீது கொடுத்த புகாரை இந்தப் பகுதி மறந்துவிடவில்லை. அந்த நினைவையும் வைத்துக்கொண்டு, கடமையில் செத்த காவலருக்கும் தலைவணங்கலாம். ஒன்றைச் சொன்னால் இன்னொன்று சிறுத்துப்போய்விடும் என்று பயப்படுவது காவல்துறைக்கே நல்லதில்லை.

அடுத்தது பணம். வில்சன் குடும்பத்துக்கு ஒரு கோடி. அதே ஆண்டில் சுப்பிரமணியன் குடும்பத்துக்கு 50 லட்சம். பாலு குடும்பத்துக்கு 50 லட்சம். பூமிநாதன் குடும்பத்துக்கு மறுபடி ஒரு கோடி. ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் முதல்வர் அறிவித்த தொகை. தொகை பெரிதா சிறிதா என்பதல்ல கேள்வி. பரபரப்பான செய்தியாகும் மரணத்துக்கும், நெடுஞ்சாலையில் விபத்து நடந்த இடத்தில் போக்குவரத்தைச் சரிசெய்யும்போது லாரி மோதிச் செத்துப்போகும் மரணத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி. விழுப்புரம் மாவட்டத்தின் நடுவே ஓடும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் நைட் டூட்டி பார்ப்பவர் இரண்டாவது வகைக்குத்தான் அதிகம் பயப்படுவார்.

கருணை அடிப்படையிலான வேலைக்கு, இறந்த மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. வாரிசுச் சான்று, ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், சொத்து விவரம் என்று காகிதங்களைத் திரட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கும் எஸ்.பி ஆபீசுக்கும் நடப்பது பெரும்பாலும் மனைவிதான். அந்த இடைவெளியில் வந்து நிற்பவர்கள் பேட்ச்மேட்கள். தமிழ்நாட்டுக் காவலர்களிடம் சத்தமில்லாமல் வளர்ந்திருக்கும் வழக்கம் இது. ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தவர்கள் மாநிலம் முழுக்க வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் இணைந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இறந்தால், கொலையோ விபத்தோ மாரடைப்போ, ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, சில நாட்களில் பல லட்சம் திரட்டிக் குழந்தைகள் பெயரில் டெபாசிட் செய்துவிடுகிறார்கள். காக்கும் கரங்கள், உதவும் கரங்கள் என்று அந்தக் குழுக்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தொழிற்சங்கம் வைக்க உரிமை இல்லாத ஒரு வேலையில் ஆட்கள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்ட இன்சூரன்ஸ் இது. எந்த மரணம் வீரமரணம் என்று அவர்கள் தரம் பிரிப்பதில்லை.

அரசும் சும்மா இல்லை. சென்னை மாவட்டக் காவல் சட்டம் 1859 செப்டம்பர் 6-ல் இயற்றப்பட்டதை வைத்து, அந்தத் தேதியைக் காவலர் நாளாகக் கொண்டாடுவது 2025 முதல் தொடங்கியிருக்கிறது. எழும்பூர் பழைய கமிஷனர் அலுவலகத்தில் 2021 முதல் காவல் அருங்காட்சியகம் இருக்கிறது. நாளும் இருக்கிறது, கட்டடமும் இருக்கிறது. இனி வேண்டியது அவரவர் ஊரில், அவரவர் கதையோடு ஒரு நினைவு.

அதை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தொடங்கலாம். 1991 மே 21 இரவு அங்கே யார் கொல்லப்பட்டார் என்று கேட்டால் எல்லோரும் ஒரு பெயர் சொல்வார்கள். அன்று ராஜீவ் காந்தியோடு செத்தவர்களில் ஒன்பது பேர் காவலர்கள். மாவட்டக் கண்காணிப்பாளர் முகமது இக்பால், இன்ஸ்பெக்டர்கள் ராஜகுருவும் எட்வர்ட் ஜோசப்பும், சப்-இன்ஸ்பெக்டர் எதிராஜுலு, காவலர்கள் சுந்தரராஜு பிள்ளை, தர்மன், கமாண்டோ ரவி, பெண் காவலர் சந்திரா, டெல்லியிலிருந்து கூடவே வந்த பாதுகாப்பு அதிகாரி பி.கே. குப்தா. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் அரசு அலுவலகங்களில் பயங்கரவாத எதிர்ப்பு நாள் உறுதிமொழி எடுக்கிறார்கள். அதற்கு முன்பு இந்த ஒன்பது பெயர்களையும் பதவியோடு சேர்த்து வாசித்தால் அரை நிமிடம்கூட ஆகாது. அரசாணை ஒன்று போதும்.